கடலுக்கு அந்தப் பக்கத்துக் கட்டணம்

டேரன் சடபி தன் மனைவியை முதன்முதலாக அடித்தது ஒரு நகைச்சுவைக்காக. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஹெஸ்ல் ரோட்டு பப் ஒன்றில், கேரவன் தொழிற்சாலைக் கூட்டாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, பாதிரியாரும் கிளியும் வருகிற நீளமான ஜோக் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி வரிக்கு முன்னால் ஒரு மடக்கு பியர் குடிக்க நிறுத்தினான். அந்த ஜோக்கைப் பலமுறை கேட்டிருந்த கெயில் கடைசி வரியைச் சொல்லிவிட்டாள். மேசையே அதிர்ந்து சிரித்தது. டேரனும் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும் டாக்ஸியில் அவள் பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து, கண்ணாடியில் முகத்தை மோதினான். மறுபடியும் மோதினான். டாக்ஸிக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். இறங்கும்போது டேரன் அவருக்குத் தாராளமாக டிப்ஸ் கொடுத்தான்.

கெயில் ஹல் நகரத்துப் பெண். அப்பா ஐஸ்லாந்து பக்கம் மீன்பிடிக்கப் போன கப்பல்களில் வேலை பார்த்தவர்; அந்தத் தொழில் படுத்த பிறகு சோபாவில் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. அம்மா மீனைப் புகை போடும் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரே அக்கா லொரெய்ன் பத்தொன்பது வயதில் கப்பலேறி ஹாலந்துக்குப் போய், கண்ணாடிக் கூடங்களில் தக்காளி பறித்து, அங்கேயே ஹார்மன் என்ற மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிரியெல்லே என்ற சின்ன ஊரில் தங்கிவிட்டாள். கெயில் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள். அகலமான தோள், உருளைக்கிழங்கு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி மேடையில் போடுவாள். இவளையா ஒருத்தன் அடிக்கிறான் என்று யாருக்கும் தோன்றாது. அவளுக்கேகூடத் தன் கையில் இருந்த பலம் சமையலறைக்கு மட்டும் உரியது என்ற நினைப்புதான்.

டேரனை ஊரே விரும்பியது. கல்யாண வீடு, கால்பந்து மைதானம், சாவு வீடு எங்கே போனாலும் அவனைச் சுற்றிச் சிரிப்பு இருக்கும். வீட்டுக்குள் மிச்சமிருந்ததெல்லாம் கெயிலுக்கு. ஒருமுறை கார் கதவைச் சாத்தும்போது அவள் கை அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டே சாத்தினான்; சுண்டுவிரல் வளைந்தபடியே ஆறியது. இன்னொருமுறை விலா எலும்பு. குளியலறையில் வழுக்கிவிட்டது, நாய் இழுத்துவிட்டது என்று அவள் சொல்லும் காரணங்களை சமையலறைத் தலைவி போலீன் கேட்டுக்கொள்வாள், நம்பமாட்டாள். அவர்கள் வீட்டில் நாயே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று நாடு ஓட்டுப் போட்ட அன்று கெயில் ஓட்டுப் போடவில்லை. வாக்குச்சாவடி அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம்தான். முதல் நாள் வாங்கிய குத்தில் இடது கண் மூடிப்போயிருந்தது. அந்தக் கண்ணோடு அங்கே போய் வரிசையில் நின்றால் எல்லாப் பிள்ளைகளின் தாய்மார்களும் பார்ப்பார்கள். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தாள். டேரன் ஓட்டுப் போட்டுவிட்டு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான். இனிமேல் நம்ம வீட்டுக்கு நாமதான் ராஜா என்று சொல்லி, சிப்ஸில் வினிகரைத் தெளித்து அவள் பக்கம் தள்ளினான். அடித்த மறுநாள் அவன் எப்போதும் அன்பாகத்தான் இருப்பான்.

இரண்டு பேருடைய கைப்பேசிகளும் டேரன் பெயரில்தான் இருந்தன. அவள் யாரோடு பேசினாள் என்று மாதா மாதம் பார்ப்பான். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள் அவனோடு பேசியாக வேண்டும், அது சட்டம். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் பள்ளிக்கூட விடுமுறையில் டேரன் தொழிற்சாலை நண்பர்களோடு லிங்கன்ஷயர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு வாரம் தூண்டில் போடப் போவான். அந்த வாரத்தில் கெயில் கப்பலேறி அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்துவிடுவாள். பாஸ்போர்ட் போலீனின் வீட்டில் இருந்தது. டிக்கெட்டை போலீன் எடுப்பாள்.

அப்போதெல்லாம் கைப்பேசி பிரச்சினையே இல்லை. ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் ஊரில் பேசுவது மாதிரிதான், தனிக் கட்டணம் கிடையாது, பில்லில் எதுவும் விழாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற போனைக் கூப்பிட்டால் மணியோசை வேறு மாதிரி கேட்கும். அதனால் கைப்பேசியை அணைத்தே வைத்திருந்து, அவன் கூப்பிடுவதற்கு முன்னால் இவளே கூப்பிட்டுவிடுவாள். ஏரிக்கரையில் இருப்பவனுக்கு அவள் வீட்டுச் சமையலறையில் நிற்பது போலத் தோன்ற, லொரெய்ன் பின்னால் நின்று குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களை உருட்டுவாள். பேசி முடித்ததும் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரிப்பார்கள். அப்புறம் லொரெய்ன் வருடா வருடம் கேட்பதைக் கேட்பாள்.

"போகாதடி. இங்கயே இருந்துரு. உன்ன யாரும் கேக்க மாட்டாங்க, ஒரு தாளுகூட வேண்டாம்."

அடுத்த தடவை என்பாள் கெயில்.

பிறகு நாடு ஒன்றியத்தை விட்டு விலகியது. கொள்ளைநோயும் வந்தது. இரண்டு கோடைகள் கப்பலேற வழியில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த மாதங்களில் டேரன் அவளை அடித்ததெல்லாம் சொல்லி மாளாது; ஒருநாள் சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் முன்கையில் வைத்து, எத்தனை எண்ணும்வரை சத்தம் போடாமல் இருக்கிறாள் என்று எண்ணினான். மூன்றாவது கோடை வந்தபோது அவள் பித்துப் பிடித்தவள் மாதிரி கப்பலேறினாள்.

இடைப்பட்ட காலத்தில் கைப்பேசிக் கம்பெனிகள் ஒன்றொன்றாகப் பழைய கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்திருந்தன. சமையலறையில் யாரோ ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போய்விட்டு வந்து பில்லைப் பார்த்துப் புலம்பியது கெயில் காதில் விழுந்திருந்தது. பேசினாலும் காசா என்று போலீனைக் கேட்டாள். இன்டர்நெட்டுக்குத்தான் கண்ணு, பேசறதுக்கு இருக்காது என்று போலீன் சொன்னாள். கெயில் இன்டர்நெட்டை அணைத்துவிட்டுப் போனாள்.

பிரியெல்லேவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று பகல், வழக்கம் போல அவளே டேரனைக் கூப்பிட்டாள். லொரெய்ன் குழாயைத் திறந்துவிட்டாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணி உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன் என்றெல்லாம் பேசினாள். டேரன் சரி சரி என்று வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் ஏரிக்கரையில் நடந்தது அவளுக்குப் பிற்பாடு விசாரணையில்தான் தெரிந்தது. அவள் பேசியதை அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கூட இருந்தவர்களும் கேட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. டேரன் மீனுக்கு இரையாகப் புழுவும் மாவும் பிசைந்துகொண்டிருந்தான், கையெல்லாம் புழு. அதனால் பக்கத்தில் இருந்த தொழிற்சாலை நண்பன் நெவில் போனை எடுத்துச் சத்தமாகப் படித்தான். உங்கள் கணக்கிலுள்ள இன்ன எண் நெதர்லாந்தில் பயன்படுத்தப்படுகிறது, இன்றைக்கான கட்டணம் சேர்க்கப்பட்டுவிட்டது என்று இருந்தது.

"டேய் டேரன், உம் பொண்டாட்டி ஹாலந்துல துணி எடுத்துப் போட்டுட்டு இருக்காளாம்டா. யார் துணியோ?"

கரை முழுக்கச் சிரித்தது. டேரனும் சிரித்தான். கையைக் கழுவினான், கம்பெனிக்குப் போன் போட்டு அவள் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னான். தூண்டிலைக்கூட மடிக்காமல் காரை எடுத்தான். அக்கா வீட்டு முகவரி அவனுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வாழ்த்துகளின் உறையில் பல வருடமாகப் பார்த்ததுதான்.

சாயங்காலம் கெயில் போனைத் திறந்து பார்த்தாள். சிக்னல் இல்லை. அணைத்து மறுபடி போட்டாள். இல்லை. நீங்கள் ஒன்றியத்தை விட்டு விலகிப் போன பிறகு இங்கே உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் ஏதாவது கோளாறு வருகிறது என்று லொரெய்ன் சமாதானம் சொன்னாள். கெயில் தலையாட்டினாள். ஆனால் தட்டில் போட்ட மீனை அப்படியே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஹார்மன் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. லொரெய்ன் கதவைத் திறந்தாள். டேரன் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றான். கப்பலில் வாங்கிய சாக்லெட் பெட்டி ஒன்று கையில் இருந்தது. அவள் கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தாள். அவன் தோளால் முட்டினான். நிலையைப் பிடித்திருந்த அவள் கை நடுவில் மாட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் கதவை மறுபடி ஓங்கி அடித்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கெயிலுக்குக் கேட்டது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவள் கத்தியைக் கீழே வைத்ததை நினைத்துப் பிற்பாடு பல வருடம் வெட்கப்பட்டாள்.

டேரன் தரையில் கிடந்த லொரெய்னைத் தாண்டி வந்து, கெயிலின் முடியைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனான். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"படி. சத்தமா படி."

அவள் குறுஞ்செய்தியைப் படித்தாள். உங்கள் கணக்கிலுள்ள என்றாள், குத்து விழுந்தது. நெதர்லாந்தில் என்றாள், குத்து விழுந்தது. கட்டணம் என்ற இடத்தில் பல் உடைந்து நாக்கில் கிடந்தது. அதைத் துப்பினால் கோபப்படுவான் என்று விழுங்கினாள். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னான்.

"ஏரிக்கரையே சிரிச்சுச்சுடி என்னப் பாத்து. உன் லைன அப்பவே கட் பண்ணச் சொல்லிட்டேன். என் காசுல எனக்கே பொய் சொல்றியா? எத்தன வருஷமா?"

எல்லா வருஷமும் என்றாள் கெயில். ஏன் உண்மையைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் ஒரு கணம் உண்மையாகவே அடிபட்ட மாதிரி நின்றான். பிறகு அவள் வயிற்றில் உதைத்தான். விழுந்தவளை எழுப்பினான், பாஸ்போர்ட் எங்கே, பை எங்கே என்று கேட்டான். மாடியில் என்றாள்.

அந்த ஊர் வீடுகளில் மாடிப்படி ஏணி மாதிரிதான் நிற்கும். பாதம் முழுசாகப் பதியாது. கெயில் கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். டேரன் பின்னாலேயே, அவள் இடுப்புக்கு மேலே முஷ்டியால் குத்திக்கொண்டே ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஒன்று. திறந்து கிடந்த வாசல் வழியாக லொரெய்ன் தெருவில் அந்த ஊர்ப் பாஷையில் அலறுவது கேட்டது. மேல்படிக்கு வந்ததும் கெயில் திரும்பிக் கைப்பிடிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். மூட்டை தூக்கும்போது மூச்சைப் பிடிப்பது போல மூச்சைப் பிடித்தாள். உடம்பை முழுக்கத் தூக்கி, இரண்டு காலையும் சேர்த்து, அவன் நெஞ்சில் உதைத்தாள்.

அவன் எதையும் பிடிக்கவில்லை. முதுகுப் பக்கமாகவே கீழே வரைக்கும் போனான். விழுந்த சத்தத்துக்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. பிறகு அவன் முனகினான்.

"கெயில். இடுப்பு போச்சு. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு."

"போட முடியாது. நீதான் லைன கட் பண்ணிட்ட."

"எம் போனு பாக்கெட்ல இருக்கு. வா. எடு. வலி தாங்கல கெயில், வா."

அவள் இறங்கினாள். இத்தனை வருடம் அவன் வா என்றால் வந்து பழகிய கால். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்று குனிந்தபோது, அவன் கை பாம்பு மாதிரி வந்து அவள் கணுக்காலைப் பிடித்து முறுக்கியது. இடுப்பு நொறுங்கிக் கிடக்கிறவனுக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்ததோ. கெயில் சுவரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலின் குதிகாலால் அந்த மணிக்கட்டை மிதித்தாள். விரல்கள் திறக்கும்வரை மிதித்தாள். திறந்த பிறகும் ஒருமுறை மிதித்தாள். பிறகு ஏறிப் போய் மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் கெஞ்சினான், வைதான், அவள் அம்மாவை இழுத்தான், அப்புறம் அழுதான். போலீஸ் வரும்வரை அவள் அசையவில்லை.

துண்டித்த போனிலிருந்தும் அவசர எண்ணைக் கூப்பிட முடியும் என்று ஒரு பெண் போலீஸ் அவளிடம் சொன்னாள். தெரியாது என்றாள் கெயில். உண்மையிலேயே தெரியாதா என்று அவளை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவும் தங்கையும் ஒரே வராந்தாவில் உட்கார வைக்கப்பட்டார்கள். லொரெய்ன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். கெயில் அவளைத் தொடப் போனபோது நகர்ந்துகொண்டாள்.

"எத்தன வருஷம் சொன்னேன். ஒரு கதவையும் யாரும் சாத்தல அப்ப. ஒரு தடவையாச்சும் தங்கினியா நீ?"

இப்போது இருக்கிறேன் என்றாள் கெயில், உடைந்த பல்லோடு. அதுவும் நடக்கவில்லை. விலகிப் போன நாட்டுக்காரர்கள் இனிமேல் மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் அனுமதி வேண்டும், சம்பளம் காட்ட வேண்டும், காரணம் காட்ட வேண்டும். அக்கா வீடு என்பது காரணம் ஆகாது என்று அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார். தற்காப்புக்காக உதைத்தாள் என்று அவளை விட்டுவிட்டார்கள். டேரன் அங்கேயே மருத்துவமனையிலிருந்து சிறைக்குப் போனான். கெயில் விசாரணையில் சாட்சி சொல்லிவிட்டு இலையுதிர்காலத்தில் தனியாகக் கப்பலேறினாள். வழியனுப்ப ஹார்மன் மட்டும் வந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, கொடுத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஹல்லில் வீடு டேரன் பெயரில் இருந்தது. கெயில் கடலோரத்தில் வித்தர்ன்சீ என்ற ஊரில் ஒரு அறை பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோனாள். விவாகரத்து கிடைத்தது. பல் கட்டிக்கொண்டாள். லொரெய்ன் ஒரு வருடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே கூப்பிட்டாள். கையால் சாவி திருப்ப முடியவில்லை, பால் பாட்டிலைத் திறக்க முடியவில்லை என்று குறை சொன்னாள். அக்கா வைவதைக் கேட்பதே கெயிலுக்குப் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

தண்டனை முடிந்ததும் டேரனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பக்கமே வரக்கூடாது என்று இங்கே நீதிமன்ற உத்தரவு இருந்தது. கொஞ்ச நாள் வரவில்லை. வசந்தத்தில் ஒருநாள், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, சமையலறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் இருக்கிற சந்துக்குக் கெயில் வாளியோடு வந்தபோது, அவன் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். ஒரு கால் இழுத்தது.

"நடக்க முடியாம பண்ணிட்டியேடி என்ன. பப்புல ஏறக்கூட ஒருத்தன் கை பிடிக்க வேண்டியிருக்கு."

கெயில் வாளியைக் கீழே வைத்தாள். போய்விடு என்றாள். அவன் கோலை ஓங்கினான். அது அவள் தோளில் இறங்கியது; இரண்டாவது முறை ஓங்கியபோது அவள் அதை அந்தரத்திலேயே பிடித்துப் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு அவன் தோளில் போட்டாள். பிறகு நல்ல காலின் முழங்காலில். அவன் குப்பைத் தொட்டியின் மேல் சாய்ந்து கீழே சரிந்தான். அவள் முதுகில் போட்டாள், கையில் போட்டாள். அவன் அழுவது அவளுக்குக் கேட்கவே இல்லை. கோல் ஒடிந்தது, ஒடிந்த துண்டைத் திருப்பிப் பிடித்து ஓங்கியபோது போலீன் பின்னாலிருந்து வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"போதும் கண்ணு. விட்ரு. செத்துருவான், அப்புறம் நீ உள்ள போவ. அவனுக்காகவா?"

போலீஸ் வந்து கேட்டபோது, கொட்டிக் கிடந்த குழம்பில் அவன் வழுக்கி விழுந்ததாகச் சமையலறைப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தரையில் உண்மையிலேயே குழம்பு கொட்டிக் கிடந்தது, அதைப் போலீனே கொட்டிவைத்திருந்தாள். உத்தரவை மீறி வந்ததற்காக அவனைக் கூட்டிப் போனார்கள். அதற்கப்புறம் அவன் வரவில்லை. லீட்ஸ் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

அவனை அடித்த அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் கெயில் அக்காவைக் கூப்பிட்டாள். குழம்புக் கதையைச் சொல்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அடிக்கறப்ப நல்லா இருந்துச்சு லொரெய்ன். அவ்ளோ நல்லா இருந்துச்சு. அவனுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?"

இணைப்பு போய்விட்டதோ என்று கெயில் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"சாப்ட்டியா?" என்றாள் லொரெய்ன்.

"இல்ல."

"போய் ஏதாச்சும் சூடு பண்ணிச் சாப்பிடு. போன வைக்காத. நான் இங்கயே இருக்கேன்."

கெயில் போனை அடுப்புமேடை மீது நிமிர்த்தி வைத்துவிட்டு, தோள் வலித்ததால் இடது கையாலேயே அலமாரியிலிருந்து சூப் டப்பாவை எடுத்தாள்.